எண்பதாம் பக்கம்

டோக்கன் எண் அறுபத்தொன்று கையில் இருந்தது; சுவரில் முப்பத்தெட்டு என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக இந்தத் தபாலாபீஸ் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம், தனக்கு முன்னால் இருக்கிறவர்கள் சலித்துப்போய் எழுந்து போய்விடக் கூடாதா என்று நினைத்துப் பழகிய கோமதிநாயகி, இன்று அவர்கள் ஒவ்வொருவரும் கவுண்டரில் அரைமணி நேரம் நின்று சண்டை போட வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்த மறுகணமே பயந்து, தாயே அதுவும் வேண்டாம், பன்னிரண்டரைக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்று திருப்பி வாங்கிக்கொண்டாள். பத்து நிமிடத்துக்கு முன்புவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. காலடியில் மூன்று சாக்கு. உள்ளே அவள் நடத்துகிற ‘ஊடுவழி’ சிறுகதைக் காலாண்டிதழ், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பிரதி. நேற்று முழுக்க அவளும் கணவர் தனுஷ்கோடியும் கூடத்தில் உட்கார்ந்து மைதாப் பசை காய்ச்சி, ஒவ்வொன்றுக்கும் காகிதப் பட்டை சுற்றி, முகவரி ஒட்டி அடுக்கியது. அதில் ஒன்றுக்குப் பட்டை விட்டுப்போயிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, சரிசெய்வோம் என்று மடியில் எடுத்து வைத்தாள். இதழ் வழுக்கிப் பின்பக்கமாக விரிந்தது. அச்சாகி வந்த புது இதழை அவள் மூன்று மாதத்துக்குத் திறக்கவே மாட்டாள். திறந்தால் முதலில் கண்ணில் படுவது பிழைதான், இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதனால் அட்டையின் நிறம் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இன்று கை வழுக்கியதால் எண்பதாம் பக்கம் கண்ணில் பட்டது. ‘விடைபெறுகிறோம்’ என்று தலைப்பு. ‘பதினேழு ஆண்டுகள் உங்களோடு நடந்து வந்த ஊடுவழி இந்த இதழுடன் நிற்கிறது’ என்று முதல் வரி. கடைசியில் அவளுடைய பெயர், ஆசிரியர் என்று. பக்கத்தில் முறுக்குப் பார்சலோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் சட்டென்று இதழை மூடினாள்.

மூடினால் மறைந்துவிடுமா. இன்னும் நானூற்றுப் பதினொன்று சாக்குக்குள் இருக்கிறது, எல்லாவற்றிலும் அதே பக்கம், அதே பெயர். அவள்தான் எழுதினாள், இல்லையென்று சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், தனுஷ்கோடிக்கு நெஞ்சடைத்து உள்ளே ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தார்கள். இதழுக்குக் காகிதம் வாங்க வைத்திருந்த பணம் அப்போதுதான் ஆஸ்பத்திரி கவுண்டரில் போய் முடிந்திருந்தது. பச்சைத் திரைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினாள். அழவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. அவ்வளவு தெளிவாக, ஒரு சொல் அடிக்காமல் திருத்தாமல், பத்தொன்பது வருடத்தில் அவள் எழுதிய தலையங்கங்களிலேயே நல்லதாக அது வந்து விழுந்தது. எழுதி முடித்ததும் செல்வினுக்கு அனுப்பினாள். செல்வின் சிவகாசியில் இதழைப் பக்கம் பக்கமாகக் கட்டித் தருகிறவர், அவரும் அன்றே அதை அழகாக ஒரு பக்கமாகக் கட்டி வைத்துவிட்டார். சாயங்காலம் தனுஷ்கோடி கண் விழித்தார். சாமி பேரைச் சொல்லுவார், மகள் பேரைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தால், “பேப்பர் வாங்கியாச்சா?” என்று கேட்டார். அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அவர் பென்ஷனில் கொஞ்சமும் மின்வாரியத்தில் அவளுடைய சம்பளத்தில் கொஞ்சமும் போட்டு ஒன்றரை மாதம் தாமதமாக இதழ் வந்துவிட்டது. விடைபெறும் பக்கம் செல்வினின் கணினியில் எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. அழிக்கச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லவில்லையா? அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு மணியைப் பார்த்தாள், பதினொன்று இருபத்தைந்து, சுவரில் நாற்பத்தொன்று.

சரி, என்ன ஆகிவிடும், கொஞ்சம் நிதானமாக யோசி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நிதானமாக யோசிக்க யோசிக்க இன்னும் பயம் கூடியது. இது டிசம்பர் இதழ். நூற்று அறுபது பேருக்குச் சந்தா இந்த இதழோடு முடிகிறது. நாற்பதாம் பக்கத்தில் பெட்டி கட்டி, ‘சந்தாவை இன்றே புதுப்பியுங்கள்’ என்று போட்டிருக்கிறது. நாற்பதில் காசு அனுப்பு என்கிறாள், எண்பதில் கடையை மூடிவிட்டேன் என்கிறாள். எவன் அனுப்புவான்? சிறுகதைக்கென்று ஒரு பத்திரிகை நடத்துவது விற்க விற்க நஷ்டம் கூடுகிற வியாபாரம். ஒரு பிரதிக்கு அச்சுக்கூலியும் காகிதமும் அட்டை விலையைத் தாண்டிவிடும், கூட ஐம்பது விற்றால் கூட ஐம்பதுக்கும் கைநட்டம். கடைகளுக்குக் கொடுத்தால் இதழும் வராது பணமும் வராது. கதை எழுதுகிறவர்களுக்கு இரண்டு பிரதியும் ஒரு நன்றியும்தான் சன்மானம். இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பது டிசம்பரில் வருகிற இந்தப் புதுப்பிப்பும், இந்தத் தபால் சலுகையும்தான். பதிவு பெற்ற பத்திரிகைக்கு ஒரு பிரதிக்குச் சில காசில் தபால் போய்விடும். ஆனால் அதற்கென்று எழுதிக் கொடுத்த தேதியில்தான் கொண்டுவந்து போட வேண்டும், இந்தக் காலாண்டுக்குப் பதினைந்து, பதினாறு. நேற்று பதினைந்து, பசை காயவில்லை. இன்று பதினாறு, மார்கழி முதல் தேதி, விடியற்காலையிலேயே பெருமாள் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது, நல்ல நாள் என்று சந்தோஷமாகத்தான் புறப்பட்டாள். இன்று தவறினால் எல்லாரையும் போலப் பல மடங்கு கட்டணம் கொடுத்து அனுப்ப வேண்டும், அதைக் கொடுத்தால் மார்ச் இதழுக்குக் காகிதம் இல்லை. அனுப்பினால் செத்துப்போனதாக நானூறு பேருக்குச் செய்தி போகிறது. அனுப்பாவிட்டால் நிஜமாகவே சாகிறது. இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் வாக்கியத்தில் அமைத்து எழுதியபோது அந்த எறும்புக்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இப்போது வருத்தப்பட்டாள்.

கிழித்துவிட்டால்? அந்த ஒரு தாளை மட்டும். கை அதற்குள் மடியிலிருந்த பிரதியில் எண்பதாம் பக்கத்தைப் பிடித்திருந்தது. தாளைத் திருப்பினாள். பின்னால் எழுபத்தொன்பதாம் பக்கம், ஜெபக்கனியின் கதை முடிகிற பக்கம். ஜெபக்கனி திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் சமையல் வேலை பார்க்கிற பெண், இருபத்தாறு வயது, முதல் கதை. வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து, “அக்கா, புக்கு எப்பக்கா வரும்? ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்கா” என்பாள். அந்தக் கதையின் கடைசிப் பன்னிரண்டு வரிக்காகத்தான் கோமதிநாயகி அதைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு தாய் விடுதிக் கதவுக்கு வெளியே மகளைக் கூப்பிட வந்து நிற்கிறாள், தட்டக் கையைத் தூக்குகிறாள், உள்ளே மகள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது, தட்டாமலே நிற்கிறாள். தாளைக் கிழித்தால் அந்தத் தாய் கதவு வரைக்கும்கூட வந்து சேர மாட்டாள். அதுவும் போகட்டும், நடுவில் பின் அடித்த இதழ் இது. கடைசித் தாளும் முதல் தாளும் ஒரே காகிதம், இதைப் பிடுங்கினால் அது கையோடு வரும், அதில்தான் தபால் பதிவெண் அச்சாகியிருக்கிறது, பதிவெண் இல்லாத பத்திரிகையைக் கவுண்டரில் தொடக்கூட மாட்டார்கள். மேலே ஏதாவது ஒட்டலாமா? நானூற்றுப் பன்னிரண்டு பட்டையையும் அவிழ்த்து, நானூற்றுப் பன்னிரண்டு துண்டுக் காகிதம் வெட்டி, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில். முறுக்கு அம்மாள் உதவிக்கு வந்தால்கூட நடக்காது. சிரிப்பு வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். நாற்பத்தாறு. யாரோ இரண்டு பேர் உண்மையாகவே சலித்துப்போய் எழுந்து போய்விட்டார்கள், பத்தொன்பது வருட வேண்டுதல் இன்றைக்குப் பார்த்தா பலிக்க வேண்டும்.

போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள். தனுஷ்கோடி உடனே எடுத்தார்.

“என்ன கோமதி, ஏத்தியாச்சா?”

“ஏங்க, நேத்து கட்டும்போது கடைசிப் பக்கம் பாத்தீங்களா?”

“நான் எங்க பாத்தேன்? எனக்குப் பட்டை சுத்துறதுக்கே கண்ணு போதல. ஏன், அச்சு அழிஞ்சிருக்கா?”

அவள் சொன்னாள். சுருக்கமாக, குரலைத் தாழ்த்தி, யாருக்கோ கெட்ட செய்தி சொல்வதுபோல. ஐயோ, இந்த மனுஷனுக்கு நெஞ்சுக்குள் கம்பி வைத்திருக்கிறதே, இப்படியா போட்டுடைப்பது என்று சொன்னபிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

“அதை எப்பம்மா எழுதின?” என்று கேட்டார். இந்தப் பக்கத்தைப் பற்றி அவரிடம் சொன்னதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “சரி, அது கெடக்கட்டும். செல்வின் புரூப் அனுப்பினாரு இல்ல? நீ பாத்துத்தானே ஓகே சொன்ன?”

“பாத்தேன்” என்றாள். “கூப்பிடுறாங்க, வைக்கிறேன்” என்றும் சொன்னாள். யாரும் கூப்பிடவில்லை.

பார்த்தாளா? இங்கேதான் எல்லாம் சிக்குகிறது. எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனாலும் இந்த முள்ளில்தான் புடவை மாட்டுகிறது. நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். எண்பதாம் பக்கம் பதினெட்டு வருடமாகப் பாத்திரக்கடை விளம்பரத்துக்குச் சொந்தம். கடைக்காரப் பெரியவர் கதை படிக்கிறவர் இல்லை, ஆனால் இவள் தன் மகள் கல்யாணத்துக்கு அண்டா வாங்கப்போன இடத்தில், பத்திரிகை நடத்துவதைக் கேட்டுவிட்டு, “நல்ல காரியம், என் பேரும் அதுல ஓரமா இருக்கட்டும்” என்று ஆரம்பித்து வைத்தார். பெரியவர் ஆவணியில் போய்ச் சேர்ந்தார். இதழ் அச்சுக்குப் போகிற அன்று காலையில் மகன் போன் செய்து, “ஆன்ட்டி, இனிமே நாங்க இன்ஸ்டாலதான் போடுறோம், தப்பா நெனைக்காதீங்க” என்றான். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பக்கம் காலியாகிவிட்டது, அவ்வளவுதான்; முந்தின நாள் அவள் புரூப் பார்த்தபோது அங்கே விளம்பரம்தான் இருந்தது. பதினாறு பதினாறு பக்கமாக ஐந்து அச்சு ஃபாரம், எண்பது பக்கம். ஒன்று காலியென்றால் எதையாவது வைத்து அடைக்க வேண்டும், வெள்ளையாக விட்டால் அசிங்கம். செல்வின் ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டுக் கேட்டார். எதிரே மின்கட்டணம் கட்ட வந்தவர்கள் கத்திக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை, அப்புறம் அவர் எழுத்தில் ஏதோ அனுப்பினார், இவள் குரலில் பதில் அனுப்பினாள். என்ன சொன்னாள்? மறந்துபோய்விட்டது. ஒன்பது நாளைக்கு முன்னால் பேசியது, மறந்துபோய்விட்டதாம். போனைத் திறந்து செல்வின் பெயரை அழுத்தினால் அவர் கேட்டதும் இருக்கும், இவள் சொன்னதும் இருக்கும், எட்டு விநாடியோ பத்து விநாடியோ. தொட்டால் கேட்கும். தொடத்தான் விரல் வரவில்லை. ‘ஆமாம் செல்வின், அதையே போட்டுவிடுங்கள், அதுதான் சரி’ என்று அவள் சொல்லியிருந்தால்? தெரிந்தே சொல்லியிருந்தால்? பத்தொன்பது வருடம் சுமந்ததை இறக்கிவைக்க உள்ளே எவளோ ஒருத்தி சமயம் பார்த்துக் காத்திருந்து, மின்கட்டண இரைச்சலுக்கு நடுவில், முன்னால் நிற்கிற இவளுக்குத் தெரியாமல் வாயைத் திறந்து சொல்லியிருந்தால்? அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று கோமதிநாயகிக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நாற்காலியில் அழாமல் உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்று கேட்க இவளுக்குப் பயமாக இருந்தது. ஐம்பது.

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். போன் எப்போதும் ஒலி அணைத்துத்தான் இருக்கும், இரண்டு வருடமாக. ‘என் கதை என்ன ஆச்சு’ என்று கேட்கிறவர்கள்தான் கூப்பிடுகிறார்கள். இதழைப் படித்துவிட்டுக் கூப்பிட்ட ஆள் கடைசியாக எப்போது என்று நினைத்தால் முகம் ஞாபகம் வரவில்லை. கடிதம் வரும். கடிதம் என்றால் ஒரே ஒரு ஆள், புளியங்குடி வேலாயுதம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஆயுள் சந்தாதாரர். இதழ் போன ஐந்தாம் நாள் தவறாமல் கார்டு வந்துவிடும். ‘இதழ் கிடைத்தது. கதைகள் அனைத்தும் அருமை. தங்கள் பணி தொடர்க.’ அவர் கார்டைப் போடாமல் அவள் வாசகர் பக்கத்தை முடித்ததே இல்லை. போன மாதம் தென்காசியில் ஒரு கல்யாணம், திரும்புகிற வழியில் அவரைப் பார்க்காமல் வரக் கூடாது என்று இறங்கினாள். பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை, உட்காருங்க உட்காருங்க என்று காப்பி போடச் சொல்ல உள்ளே ஓடினார். அப்போதுதான் அவள் டிவிக்குக் கீழே பார்த்தாள். ஊடுவழி. ஒன்றுகூடத் தொலையாமல், வரிசையாக, அடுக்கி, தூசி தட்டி. ஒவ்வொன்றிலும் பட்டை அப்படியே இருந்தது. அவளும் தனுஷ்கோடியும் மைதாப் பசை தடவி ஒட்டின பட்டை, முகவரி வெளியே தெரிய, ஒன்றுகூட அறுபடாமல், பத்து வருடத்துப் பட்டைகள் மஞ்சளாகி, சமீபத்தியவை வெள்ளையாக. அவர் காப்பியோடு வந்தார். திருடப் போன வீட்டில் ஆள் வந்துவிட்டதுபோல அவள்தான் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “போன இதழ்ல எல்லாக் கதையும் அருமைங்க” என்று அவர் சொன்னார், முகத்தில் அப்படி ஒரு அன்பு, பொய் சொல்கிறவருடைய முகமே இல்லை. “சந்தோஷம் சார்” என்றாள். காப்பி நன்றாக இருந்தது. பேருந்தில் வருகிற வழியெல்லாம் நானூறு வீட்டு டிவிகள் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன. தனுஷ்கோடியிடம் இதையும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பவற்றின் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.

அப்படியானால் எதற்காகப் பயப்படுகிறாய்? யாரும் பிரிக்கப்போவதில்லை என்றால் எண்பதாம் பக்கத்தில் விடைபெற்றால் என்ன, வீட்டுவரி ரசீதை அச்சடித்தால் என்ன? இந்த நினைப்பு வந்ததும் ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. உண்மையிலேயே தோள் இறங்கியது, மூச்சு வந்தது. அனுப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது. அடுத்த கணமே அந்த ஆறுதல்தான் எல்லாவற்றிலும் பெரிய பயமாகத் திரும்பி நின்றது. இவள் செத்துவிட்டேன் என்று எழுதி வீடுவீடாக அனுப்பலாம், ஒருவர்கூட ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்பதா ஆறுதல்? அந்த வேகத்தில் போனைத் திருப்பினாள். செல்வின் பெயரை அழுத்தினாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன. அவர் எழுத்தில் கேட்டிருந்தார்: ‘அக்கா, 80ஆம் பக்கம் காலி. நீங்க முன்னாடி எழுதின ஒரு பக்கம் பழைய ஃபோல்டர்ல இருக்கு. அதைப் போடவா? இல்ல வேற தர்றீங்களா?’ எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அவருக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான், பெட்டியில் அடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார். கீழே அவளுடைய குரல், ஆறு விநாடி. முறுக்கு அம்மாளுக்குக் கேட்காதபடி காதோடு ஒட்டிக்கொண்டாள். முதலில் ஆபீஸ் இரைச்சல், யாரோ மீட்டர் தப்பு என்று கத்துகிறார். பிறகு அவள். நன்றாகத் தெரிந்த குரல்தான், ஒளிந்திருந்த எவளுடையதும் இல்லை, மதிய நேரத்துச் சலிப்போடு, உயிரில்லாமல்: “எதையாவது போடுங்க செல்வின். யாரு படிக்கப்போறா.”

இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழையைப் பார்த்த சந்தோஷத்தில் கத்துகிறது. நிறுத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அதுவரை நிம்மதிதான். ஆனால் இது அதைவிடக் கேவலமாக இருந்தது. திண்டுக்கல் விடுதியில் ஒரு பெண் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள், சிவகாசியில் ஒரு மனிதர் பாதிக் கூலிக்குப் பக்கம் கட்டுகிறார், வீட்டில் ஒருவர் நெஞ்சில் கம்பியோடு தரையில் உட்கார்ந்து பட்டை சுற்றுகிறார். ஆசிரியரம்மா ஆறு விநாடியில் யாரு படிக்கப்போறா என்கிறாள். அவளும்தானே திறப்பதில்லை. பிழை தென்படும் என்று மூன்று மாதம் மூடிவைக்கிறாள். வேலாயுதத்துக்கும் அவளுக்கும் ஒரு பட்டைதான் வித்தியாசம். காது சூடாகி, கண் மறைத்தது. சுவரில் எண் மங்கலாகத் தெரிந்தது, ஐம்பத்தெட்டா ஐம்பத்தொன்பதா, துடைத்துக்கொண்டு பார்த்தால் அறுபத்தொன்று. பன்னிரண்டு இருபது. எழுந்தாள்.

சாக்குகளை இழுத்துக் கவுண்டர் ஓரம் போட்டாள். உள்ளே பிச்சைமணி, ஆறேழு வருடமாக இந்தக் கவுண்டரில் இருக்கிறவர், எடை போட்டு முத்திரை குத்துவதைத் தவிர அவரிடம் அவள் ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை. அவர் மேசையில் ஏற்கெனவே ஒரு படிவம் எடுத்து வைத்திருந்தது. “டிசம்பரோட லைசென்ஸ் முடியுது மேடம், நீங்க வருவீங்கன்னு ரினியூவல் ஃபாரம் எடுத்து வச்சேன்” என்றபடியே, சட்டப்படி பார்ப்பதற்காகச் சாக்கிலிருந்து ஒரு பிரதியை உருவினார். பட்டையிலிருந்து இதழைக் கழற்றினார். ஊர் உலகத்தில் எல்லாரும் திறப்பதுபோலப் பின்பக்கமாகத் திறந்தார். வழக்கமாக ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத் திரும்பப் பட்டைக்குள் செருகிவிடுவார். இன்று புரட்டவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அவருடைய கண் வரிவரியாக இடமிருந்து வலம் போய்த் திரும்புவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் எழுதியதை ஒருவர் தன் முன்னாலேயே படிப்பதை அவள் பார்த்ததே இல்லை. அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. படித்து முடித்தார். தாளைத் திருப்பி எழுபத்தொன்பதையும் படிக்க ஆரம்பித்தார்.

“சார், பன்னெண்டரைக்கு மூடிருவீங்க, நாங்க நிக்கிறோம்ல?” என்றார் பின்னால் ஒருவர்.

“இருங்கய்யா” என்றார் பிச்சைமணி, தலையைத் தூக்காமல். பிறகு அவளைப் பார்த்தார். “இதான் கடைசியா மேடம்?” அவருடைய இன்னொரு கை படிவத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைக்கப் போயிற்று.

“இல்ல சார். தப்பா விழுந்துருச்சு. எப்பவோ எழுதினது.”

“அதான பாத்தேன். பதினேழு வருசம்னு போட்டிருக்கு. உங்க லைசென்ஸ் கணக்குப்படி பத்தொன்பதுல்ல வருது.”

கோமதிநாயகி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே இப்போதுதான், இந்தப் பெஞ்சில்தான் கண்ணில் பட்ட வரி. அதிலிருந்த வருடக் கணக்கை இந்த மனிதர் ஒரே வாசிப்பில் பிடித்துவிட்டார். அப்படியானால் படிப்பார்கள். நானூறில் எத்தனை பேர் என்று தெரியாது, ஆனால் படிப்பார்கள். நெல்லையில், சேலத்தில், பெயர் மட்டும் முகவரிச் சீட்டில் பார்த்த எத்தனையோ ஊரில் இதேமாதிரி ஒருவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எண்பதாம் பக்கத்தை வரிவரியாகப் படிப்பார். படிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது இத்தனை பயமான சங்கதியா? பத்தொன்பது வருடமாக இதற்குத்தானே ஆசைப்பட்டாள்.

“ஏத்தவா, வேணாமா?” முத்திரைக் கட்டை அவர் கையில் இருந்தது. “சரிபண்ணிட்டு வரணும்னா எடுத்துட்டுப் போங்க. ஆனா நாளைக்கு சலுகை கெடையாது, ரூல் அது. நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

கதவுக்கு வெளியே கையைத் தூக்கியபடி ஒரு தாய் எழுபத்தொன்பதாம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏத்துங்க சார்” என்றாள். “அந்த ஃபாரத்தையும் குடுங்க.”

அவர் இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தார். முத்திரை விழ ஆரம்பித்தது, டக் டக்கென்று. நின்றபடியே எழுதினாள். பத்திரிகையின் பெயர், மொழி, வெளியாகும் காலம். ‘தொடர்ந்து வெளிவருகிறதா’ என்று ஒரு கட்டம். எண்பதாம் பக்கம் இதழ் நிற்கிறது என்கிறது, இந்தத் தாள் வருகிறதா என்கிறது, இரண்டிலும் ஒரே பெயர். ‘ஆம்’ என்பதில் குறியிட்டாள். பேனா காகிதத்தைக் கொஞ்சம் கிழித்துவிட்டது.

“யாராச்சும் போன் போட்டுக் கேப்பாங்க மேடம்” என்றார் பிச்சைமணி, கடைசிச் சாக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு.

“கேக்கட்டும் சார்.”

வாசல்படியில் வந்து நின்றாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. இனி எடுத்துத் திருப்ப முடியாது. நாளைக்குப் பக்கத்து ஊர்களுக்கு, மூன்றாம் நாள் மற்ற ஊர்களுக்குப் போய்ச் சேரும். ஐந்தாம் நாள் புளியங்குடியிலிருந்து கார்டு வரும். கதைகள் அனைத்தும் அருமை, தங்கள் பணி தொடர்க. கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவரும் கூப்பிடாமல் இருந்தால் அதற்கப்புறம் என்ன செய்வது என்று நினைக்கக்கூட முடியவில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். இரண்டு வருடமாக ஊமையாகக் கிடந்த அதன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போய், முழுதாக வைத்தாள்.